நீல மூடி மேல்பக்கம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

நீயும் உன் வீட்டாரும் நலம் என்பதைப் பதினோரு வருடமாக உன் அக்கா மூலம் அறிந்துவருகிறேன். நானும் நலம். நீ பேச்சை நிறுத்தியதால்தான் உன் ஏணியை நான் திருப்பித் தரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் முப்பத்தெட்டு வருடம் இருந்தவனுக்கு எது முன், எது பின் என்பது பிசகாது.

இதை நான் எழுதுவது, என் மகள் (உன் மருமகள்) வேலை செய்யும் கப்பலிலிருந்து. கட்டுரைக்காக வந்தேன். கடலடிச் சேற்றை எடுத்துப் பழங்காலத் தட்பவெப்பத்தைப் படிப்பது அவள் வேலை. எடை கட்டிய இரும்புக் குழாயைக் கம்பியில் இறக்குகிறார்கள். மூன்றரைக் கிலோமீட்டர் போகவே ஒரு மணி நேரம். முதல் முறை குழாய் வளைந்து வந்தது, இரண்டாம் முறை வெறும் தண்ணீரோடு வந்தது, புயல் வருகிறது, இன்னும் ஒரே தடவைதான் என்று கேப்டன் சொல்லிவிட, மூன்றாம் முறை ஆறு மீட்டர் சேறு வந்தது, எல்லாரும் கைதட்டினார்கள், நான் குறிப்பெடுக்க மறந்து வாயைப் பிளந்து நின்றேன். ஒரு விரல் அகலச் சேறு சேர ஆயிரம் வருடமாம். அதற்குள் மணலைவிடச் சிறிய கடலுயிர்களின் ஓடுகள். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் அறை அறையாகக் கட்டிய வீடு. அந்த உயிர் வாழ்ந்தபோது கடல் குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா என்று ஓடுகளை வைத்தே சொல்கிறார்கள். நாம் பேசாத பதினோரு வருடம் அந்தச் சேற்றில் இரண்டு தாள் கனம்.

இரும்புக் குழாய்க்குள் சேற்றோடு இருந்த பிளாஸ்டிக் குழாயை உருவி, மீட்டர் மீட்டராக அறுத்து, மேல்முனைக்கு நீல மூடி, கீழ்முனைக்கு வெள்ளை மூடி போட்டார்கள். மூடி எடுத்துக் கொடுத்தது நான். மறுநாள் துண்டுகளை நீளவாக்கில் பிளந்து வரிசையாக வைத்தால், இரண்டாம் துண்டின் சாம்பல் நிறம் மூன்றாவதில் தொடரவில்லை. நான் சரியாகத்தான் கொடுத்தேன் என்று சாதித்தேன். அவள் மூன்றாம் துண்டைத் திருப்பி வைத்தாள். நிறம் நிறத்தோடு சேர்ந்தது.

"உங்க கணக்குல பனியுகம் முடிஞ்சப்புறம்தான் ஆரம்பிக்குது, அப்பா" என்றாள்.

கம்பி இறக்குகிறவர், "விடும்மா, பேப்பர்காரரு. கடைசியா நடந்ததத்தானே முதல்ல போடுவாரு" என்றார்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நீ முதலில் பேசினால் நானும் பேசுவேன்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: கப்பலில் தபால்பெட்டி இல்லாததால் கடிதம் என்னோடு வீட்டுக்கே வந்துவிட்டது. நீ பேச்சை நிறுத்திய வருடத்துக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். மார்ச் 4, ஏணி கேட்டான், தரவில்லை. மார்ச் 19, மறுபடியும் கேட்டான், தரவில்லை. ஏப்ரல் 2, பேசாமல் போய்விட்டான். கையெழுத்து என்னுடையதுதான். ஆகவே மேலே உள்ள முதல் பத்தியைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வருகிறேன். அதில் கீழிருந்து மூன்றாவது குறுக்குக்கட்டை இல்லை. எப்போது உடைந்தது என்று குறிப்பேட்டில் இல்லை.