மழை வந்ததா என்று கேட்ட போன்

ஒரு காட்டில், டவர் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடமாக ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்தின் கிழக்குக் கரையில் பாசிமுத்து என்றொரு தவளை வாழ்ந்துவந்தான். பார்க்க லட்சணமான பையன், குரல் மட்டும் கொஞ்சம் கரகரப்பு. இந்த மழைக்கு எப்படியும் தனக்குக் கல்யாணம் என்று குளம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான்.

தவளைகளின் கல்யாண முறை எளிமையானது. கோடை முழுக்கச் சேற்றுக்குள் புதைந்து தூங்க வேண்டும். முதல் மழை விழுந்ததும் மேலே வந்து தொண்டை கிழியக் கத்த வேண்டும். எவன் குரல் பிடிக்கிறதோ அவன் பக்கத்தில் பெண் வந்து உட்காருவாள். ஜாதகமும் கிடையாது, சீர்வரிசையும் கிடையாது. கத்த முடியாதவன் அடுத்த மழைவரை பிரம்மச்சாரி.

மழை பெய்தால் சேறு நனையும், சேறு நனைந்தால் தோல் நனையும், தவளை தானாக எழுந்துகொள்ளும். பாசிமுத்துவுக்கு இது நாகரிகமாகப் படவில்லை. புதுப் போன் வாங்கி, 'மழை எழுப்பி' என்ற செயலியை ஏற்றி, பத்திரமாக எழுப்பச் சொல்லிவிட்டுச் சேற்றுக்குள் இறங்கினான்.

செயலியில் ஒரு கோளாறு. "மழை வந்ததா?" என்று டவரைக் கேட்கும். "இல்லை" என்று பதில் வந்தால், பதிலே வரவில்லை என்று நினைத்து மறுபடி கேட்கும். கோடையில் வேறென்ன பதில் வரும்? பாசிமுத்து குறட்டை விட, போன் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்கக் கேட்க டேட்டாவும் சார்ஜும் கரைந்தன. முதல் துளி விழுந்த நேரம் பார்த்துப் போன் செத்துப்போனது. அவன் தோல் நனைந்துதான் எழுந்தான்.

மேலே வந்தவனை வரவேற்றது பில். குளத்துக் கொசு அத்தனையையும் பிடித்துக் கொடுத்தாலும் தீராத பில். அன்று பொழுது சாய்வதற்குள் கட்டத் தவறினால் குரல் பறிமுதல் என்று அடியில் போட்டிருந்தது.

அடித்துப் பிடித்துக் கொண்டு 'கானக நெட்' அலுவலகத்துக்குத் தாவினான். அங்கே ஒரு கொக்கு உட்காராமல் நின்றுகொண்டிருந்தது. கொக்கு தவளையைத் தின்னாதா என்று கேட்பீர்கள். முன்பு தின்றது. வாடிக்கையாளரைத் தின்றுவிட்டால் பாக்கியை யார் கட்டுவது?

"சார், நான் தூங்கிட்டு இருந்தேன். போன்தான் சும்மா சும்மா கேட்டிருக்கு."

கொக்கு வலது காலில் நின்றபடி கேட்டுக்கொண்டது. "நாங்க டேட்டா குடுக்கறதோட சரி, தம்பி. கோளாறுன்னா போன் கம்பெனியைப் பாருங்க."

"அது எங்க இருக்கு சார்?"

கொக்கு வலது காலை மடக்கி இடது காலை ஊன்றியது. "வணக்கம், போன் கம்பெனி. சொல்லுங்க."

பாசிமுத்து முதலிலிருந்து சொன்னான்.

"அடப் பாவமே. எங்க செயலி கேள்விதானே கேட்டுச்சு? பில்லு போட்டது அவங்க. அவங்களையே கேளுங்க." கால் மாறியது. "வணக்கம், கானக நெட்."

இப்படியே பொழுது சாய்ந்தது. "ரெண்டு காலையும் ஒண்ணா ஊணுங்க சார்" என்று பாசிமுத்து கெஞ்சினான்.

"அதுக்கு மேலிடத்து அனுமதி வேணும், தம்பி" என்ற கொக்கு, அலகால் அவன் தொண்டையை ஒரு தட்டுத் தட்டியது. குரல் போய்விட்டது.

வெளியே மழை கொட்டியது. குளத்துப் பையன்கள் எல்லாம் கத்தித் தீர்த்தார்கள். பாசிமுத்து வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தன் கல்யாணம் தண்ணீரோடு போகிறதே என்று சத்தமே வராமல் அழுதான்.

பறித்த குரலைக் கம்பெனி சும்மா வைத்திருக்குமா? முறையிடப் போன் செய்து காத்திருப்பவர்களின் காதில் அதைப் போட்டுவிட்டது.

மேற்குக் கரையில் அல்லிக்கொடி என்றொரு பெண் தவளை இருந்தாள். அவளுக்கும் அதே செயலி, அதே கோளாறு. பில் கட்டத் தவணை மட்டும் முடியவில்லை. சண்டை போடுவதற்கென்றே போன் செய்தாள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்றது லைன். பிறகு கரகரவென்று ஒரு குரல் கத்தத் தொடங்கியது. அல்லிக்கொடி சொக்கிப்போனாள். நடுவில் கொக்கு வந்து "சொல்லுங்க மேடம்" என்றபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. "நீங்க போங்க சார், அதையே போடுங்க."

மறுநாள் நேரே அலுவலகத்துக்கு வந்து, அது யார் குரல் என்று கேட்டாள்.

"வாடிக்கையாளர் விவரத்தை வெளிய சொல்லக் கூடாது" என்றது வலது காலில் நின்ற கொக்கு. பிறகு கால் மாற்றிக்கொண்டு, "பாசிமுத்து, கிழக்குக் கரை" என்றது.

அல்லிக்கொடி போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்கதானா அது? ஒரு வார்த்தை பேசுங்களேன்."

பாசிமுத்து தொண்டையைக் காட்டிக் கையை விரித்தான்.

"பரவாயில்லைங்க. நான் போன்ல கேட்டுக்கறேன்."

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. கொக்கு வந்து, இரண்டு பில்லையும் ஒன்றாகச் சேர்த்து 'தம்பதி திட்டம்' என்று மொய் எழுதிவிட்டுப் போனது. அல்லிக்கொடி இன்றும் புருஷன் தோளில் சாய்ந்துகொண்டு அந்த நம்பருக்குப் போன் போட்டு அவன் குரலைக் கேட்கிறாள். அதற்கும் நிமிஷக் கட்டணம் உண்டு. அதைக் கட்டப் பாசிமுத்து ஓயாமல் கொசு பிடிக்கிறான். அவனைப் போலச் சந்தோஷமான கடனாளியை அந்தக் குளம் பார்த்ததில்லை.

நீதி: பில் தப்பாக வந்தால் மனம் தளராமல் லைனில் காத்திருங்கள். நியாயம் கிடைக்காது, கல்யாணம் ஆகிவிடும்.