கலெக்டருக்கு ஒரு குரங்கு ஜீன்

கடப்பாக்கம்,
ஞாயிறு மத்தியானம்.

வங்கக் கடலுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடைப்பட்ட சீமையிலேயே பூனைகளுக்காகப் படித்த ஒரே பெண்ணும், என் அக்கா பெற்ற ஆராய்ச்சிச் செல்வமுமாகிய மருமகள் சிநேகாவுக்கு, தாய்மாமன் வரதன் எழுதுவது. நானும் உன் அத்தை ஜோதிலட்சுமியும் மளிகைக் கடையும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நம் பூனை கலெக்டருக்குத்தான் உடம்பு சரியில்லை. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அவனைச் சாக்கில் கட்டி ஆலம்பரைக் கோட்டைக்கு அப்பால் விட்டுவிட வேண்டும் என்று தெரு முடிவு செய்துவிட்டது. போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய். அதனால்தான் கடிதம்.

கலெக்டரை நாங்களே கிட்டத்தில் பார்த்ததில்லை. செம்பட்டை நிறம், வாலையும் என் பெருமையையும் சேர்த்தால் ஆறடி நீளம். கொல்லையில் மீன் தலை வைத்தால் வருவான், தின்பான், போவான். ஆள் கைக்கு அகப்பட்டதே கிடையாது. அப்படிப்பட்டவன் போன மாதம் காது கிழிந்து, ஈறு வீங்கி, தானாக வந்து என் மடியில் உட்கார்ந்தான். "இவ்ளோ சாதுவா கீதே, இது நம்ம கலெக்டரு தானா?" என்றாள் உன் அத்தை. உடம்புக்கு வந்தால் அதிகாரிகளுக்கும் பணிவு வரும் என்று சொல்லிக் கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போனேன். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது பூனைகளின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ், மனுஷனுக்கு வரும் எச்.ஐ.வி.க்குத் தூரத்துச் சொந்தம், கடித்தால் பூனைக்குப் பூனை பரவும், ஆனால் மனுஷனுக்கு வராது, வெளியே விடாமல் வைத்துச் சோறு போட்டால் பல வருஷம் இருப்பான் என்றார். இவ்வளவுதான் சேதி. நான் டீக்கடையில் எச்.ஐ.வி. வரைக்கும் சொல்லி, மிச்சத்தைச் சொல்லுமுன் ஒரு வாய் டீ குடித்தேன். அந்த ஒரு வாய்க்குள் கடை காலி.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பக்கத்து வீட்டு சம்சாத் பேகம். "இன்னா அண்ணே, எய்ட்ஸ் வந்த பூனைய வூட்ல வெச்சிகினு எங்களுக்குப் பருப்பு விக்கிறீங்களே, நல்லாவா கீது? ஒங்க கலெக்டரு தொரத்தித்தான் எங்க பாதுஷா வூட்டுப் பக்கமே வர்ல." பாதுஷா அவர் வளர்க்கும் பூனை; பாலில் நனைத்த பிஸ்கட்டைத் தவிர வேறெதையும் தொடாத ராஜ பரம்பரை. பேகம் அன்றைக்கே தெரு ஜனத்தைக் கூட்டிவிட்டார். நான் டாக்டர் சொன்ன மிச்சத்தைச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. வேறு வழியில்லாமல் உன் பெயரை எடுத்துவிட்டேன்.

பொங்கலுக்கு வந்தபோது நீ விளக்கினாயே, சில குரங்குகளின் உடம்பில் இந்த மாதிரி வைரஸை வாசலிலேயே மடக்கும் ஒரு காவல்கார ஜீன் இருக்கிறது, வேறொரு வைரஸின் விஷத்தை இறக்கிவிட்டுக் காலி லாரியில் சரக்கு ஏற்றுவதுபோல் அதில் இந்த ஜீனை ஏற்றிப் பூனையின் கருமுட்டைக்குள் அனுப்புகிறார்கள், சரக்கு போய்ச் சேர்ந்ததா என்று தெரிய ஜெல்லி மீனின் ஜீன் ஒன்றும் கூடவே போகிறது, பிறக்கிற குட்டி நீல விளக்கில் பச்சையாக மினுங்கும், அந்தக் குட்டியின் ரத்த அணுக்களில் வைரஸ் அவ்வளவாகப் பெருகவில்லை என்று. அத்தனையும் சொன்னேன். வளர்ந்த பூனைக்கு இது ஆகாது என்றும், "பூனையே தப்பிக்குமான்னு இன்னும் பார்த்துட்டிருக்காங்க மாமா" என்றும் நீ சொன்னது மட்டும் என் வாயில் வரவில்லை. மருமகள் கூரியரில் ஜீன் அனுப்பினாள், கலெக்டருக்கு ஏற்றியாயிற்று என்று முடித்துவிட்டேன்.

"அப்ப மின்னுதான்னு பாத்துருவோம்" என்றார் பேகத்தின் வீட்டுக்காரர் பஷீருதீன் பாய். அவருடைய துணிக்கடையில் கள்ள நோட்டுப் பார்க்கும் நீல விளக்கு உண்டு. கலெக்டரை இறால் கூடையில் போட்டு மேலே வலை கட்டித் தூக்கிப் போனேன். முந்தின நாள்தான் உன் அத்தை, கிருமி போகட்டும் என்று அவனைத் துணி சோப்புத்தூளில் அலசியிருந்தாள். பாய்க்குப் பூனை என்றாலே ஆகாது; முகத்தைத் திருப்பிக்கொண்டு விளக்குப் பிடித்த கையை மட்டும் நீட்டினார். ஷட்டரை இறக்கினார்கள். மருமகளே, கூடை நிலா மாதிரி வெளுப்பாக ஒளிர்ந்தது. பச்சை இல்லைதான், ஆனால் தெரு பச்சையை வற்புறுத்தவில்லை. எனக்கு மாலை போடாத குறை. அப்போது பார்த்துக் கூட்டத்தில் ஒருவன், "பாய், ஒனக்கு எப்ப குரங்கு ஜீன் ஏத்தினாங்க?" என்றான். பாயின் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் பூனையைவிடப் பத்து மடங்கு ஜொலித்துக்கொண்டிருந்தன. "அட, சோப்புத்தூளுப்பா இது. வரதன் கடைலதான் வாங்கினோம்" என்றார் பாய். அத்தோடு நம் விஞ்ஞானம் முடிந்தது. வெள்ளிக்கிழமைக் கெடு அங்கேயே வைத்தார்கள்.

ஆகையால் நீ வியாழக்கிழமையே உன் வெள்ளைக் கோட்டோடு வந்து, மனுஷனுக்கு வராது என்ற ஒரே வரியைத் தெருவில் சொல்லிவிட்டுப் போ. நான் சொன்னால் எடுபடாது. ஆலம்பரைக் கோட்டையை என் கொள்ளுத்தாத்தா சீட்டாட்டத்தில் தோற்றார் என்று காலமெல்லாம் சொல்லிவந்த வாய் இது. உண்மையைச் சொல்லும்போது பழக்கமில்லாமல் தடுமாறுகிறது. விளையாட்டை விட்டுச் சொல்கிறேன்: கடை மூடினதும் அவன் என் மடியில் படுத்துத் தூங்கிப் பழகிவிட்டான். சாக்கில் கட்ட எனக்குக் கை வராது. உன் வெள்ளைக் கோட்டைச் சோப்புத்தூளில் துவைக்காமல் வா.

உன் பூனைகள் மினுங்கவும், வைரஸ்கள் சொன்ன பேச்சைக் கேட்கவும், கல்யாண வரம் கேட்டு ஊரே போகிற திருவிடந்தைப் பெருமாளிடம் இந்த ஒரு தடவை பூனைக்காக வேண்டியிருக்கிறேன். உன் கல்யாணத்தை அடுத்த தடவை பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆசி வழங்குவதில் மட்டும் கஞ்சத்தனம் இல்லாத மாமன்,
வரதன்.

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் சம்சாத் பேகம் சாக்கோடு வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர், "பாதுஷா?" என்றார். கலெக்டர் என் மடியிலிருந்து குதித்து ஓடி அவர் காலைச் சுற்றிக்கொண்டான். கொல்லைச் சுவரைப் பார்த்தேன். இத்தனை நாள் மீன் தலை எங்கே என்று கேட்கும் முகத்தோடு, அதே செம்பட்டை நிறத்தில், கிழியாத காதோடு, நிஜக் கலெக்டர். பேகம் பாதுஷாவை முந்தானையில் சுற்றித் தூக்கிக்கொண்டு, "மனுசனுக்கு வராதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்பறம் இன்னாத்துக்கு இந்தத் தெரு கூவிகினு கீது?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனவே நீ வர வேண்டாம். பாதுஷாவின் காதைக் கிழித்தது யாரென்று தெரிந்துவிட்டதால், கலெக்டருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். சாக்கைப் பேகம் இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவனைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.