இரண்டு பொட்டலமும் வெள்ளை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் பழனியாண்டவரை ஏமாற்றப் பார்த்து மாட்டிக்கொண்டவன். பிற்காலத்தில் என் பிழைப்பே பெரிய கம்பெனிகளின் இணைப்பு வழக்குகளில்தான் ஓடியது. இவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டால் சரக்கு வாங்குகிறவன் வேறு எங்கே போவான் என்று சென்னையிலும் டெல்லியிலும் முழங்கியிருக்கிறேன். ஏகபோகத் தடுப்பு நிபுணர் என்றுகூட என்னைச் சொல்வார்கள். (வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதற்குக் காரணம் இந்தக் கதைதான்.)

அறுபதுகளின் தொடக்கம். மதுரையில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். கொடைக்கானலுக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவே ஓடிய இரண்டு பஸ் கம்பெனிகள் ஒன்றாகச் சேர விரும்பின. மஞ்சள் பஸ் முதலாளி கந்தவேல். பச்சை பஸ் முதலாளி பொன்னுச்சாமி. தூரத்து உறவுதான், ஆனால் மலைப்பாதையில் ஒருவர் வண்டியை இன்னொருவர் வண்டி முந்த விடாது.

பத்திரத்தை என் கையில் கொடுத்த சீனியர், "ரெண்டு கையெழுத்தையும் வாங்கிட்டு வந்தா நீ கம்பெனி வக்கீல். இல்லேன்னா வேற ஆபீஸ் பாத்துக்க" என்றார். அந்த வாரம்தான் திண்டுக்கல்லில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பதில் வரவில்லை. பெண்ணின் அப்பா மட்டும், "மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரந்தானே?" என்று மூன்று தடவை கேட்டிருந்தார். ஆக, என் வேலை, கல்யாணம் இரண்டும் அந்தப் பத்திரத்தில் தொங்கின.

இரவல் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, இரண்டு வளைவுக்கு ஒரு முறை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி மலையேறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முருகன் கோயில். அங்கே வைத்துக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. கந்தவேல் பேனாவைத் திறந்தார். மூடினார்.

"மாப்ளே, மனசு ஒரு மாதிரியா கெடக்கு. பெரிய சோலி. சாமிகிட்ட பூக்கட்டிக் கேட்டுருவமா?"

"நானும் அதத்தான் நெனச்சேன் மச்சான்" என்றார் பொன்னுச்சாமி.

ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. சந்நிதியில் வைத்து, சம்பந்தமில்லாத யாரையாவது எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சேரலாம், சிவப்பு வந்தால் கூடாது. பேச்சு முடிந்தது; ஆனால் பொட்டலத்தை யார் கட்டுவது? ஒருவர் கட்டினால் மற்றவர் நம்ப மாட்டார்.

"வக்கீலய்யா பொதுவான ஆளு. படிச்சவுக. அவுகளே கட்டட்டும்" என்றார் கந்தவேல்.

வாழையிலைத் துண்டுகளையும் பூக்களையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனேன். சட்டம் படித்த மூளை சும்மா இருக்குமா? பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றது. திண்டுக்கல் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைச் சாமந்தியையே வைத்து நாரால் கட்டினேன். சிவப்பு ரோஜாவைக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டேன். (தூக்கி எறிந்திருக்கலாம். அந்த அறிவு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

எடுப்பதற்கு, கவுஞ்சியிலிருந்து பூண்டு மூட்டையோடு வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்த ராக்கம்மாவைக் கூப்பிட்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை! முதலாளிகள் இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"சாமி உத்தரவு கெடச்சாச்சு. வெரசா கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவை நீட்டினேன்.

அப்போது ராக்கம்மா, "அந்தச் செவப்புப் பூவு வீணாத்தானய்யா போகும்? நான் தலையில வச்சுக்கிறவா?" என்றார்.

"வேண்டாம்மா! அது அபசகுனம்!" என்று அலறினேன். அதற்குள் பிரித்துவிட்டார்.

"இதுவும் வெள்ளையால்ல இருக்கு?" என்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "செவப்பு இந்தா இவுக பையில தலைய நீட்டுதே."

நான் குனிந்து பார்த்தேன். நீட்டிக்கொண்டுதான் இருந்தது.

"ஏலே! சாமியவே ஏமாத்துறியா?" என்றார் கந்தவேல். வக்கீலய்யாவாக இருந்தவன் ஒரே நொடியில் ஏலே ஆகிவிட்டேன். பொன்னுச்சாமி பத்திரத்தை நான்காகக் கிழித்தார்.

கோபப்படாதவர் ராக்கம்மா மட்டும்தான். "இவரை எதுக்கு வையிறீக? நீங்க ஒண்ணாச் சேந்தா எங்களுக்கும் இதே கதிதான். மஞ்ச பஸ்ஸுல மூட்டைய ஏத்தலன்னா இப்ப பச்சையில ஏத்திருவேன். அப்புறம் எந்தப் பொட்டலத்தப் பிரிச்சாலும் ஒரே பூவுதானே?" என்று சொல்லிவிட்டுப் பச்சை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

முதலாளிகள் சேராமலே போனார்கள். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் சேர்ந்தார்கள்: என்னை மஞ்சளும் ஏற்றக்கூடாது, பச்சையும் ஏற்றக்கூடாது. (போட்டிக்காரர்கள் கூடிப் பேசி ஒரு வாடிக்கையாளரை ஒதுக்குவது எவ்வளவு பெரிய தப்பு என்று பின்னாளில் மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். அதன் முதல் பலி நானே.) உருளைக்கிழங்கு லாரியில் மூட்டைமேல் குப்புறப் படுத்து மலையிறங்கினேன்.

சீனியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வேறு ஆபீஸ் தேடிச் சென்னைக்குப் போனேன். ஏகபோகத் தடுப்புச் சட்டம் வந்ததும் ஒரு பெரிய இணைப்பை எதிர்த்து முதன்முதலாக வாதாடினேன். அன்று நான் பேசியது முழுக்க ராக்கம்மா சொன்னதுதான். இங்கிலீஷில் நீட்டி முழக்கினேன், அவ்வளவே. எல்லோரும் பாராட்டினார்கள். அவர் பெயரைச் சொல்லாமல் விட்டது இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கல்யாணமா? கண்டக்டர்கள் புண்ணியத்தில் எனக்கு முன்பே கதை திண்டுக்கல்லுக்குப் போய்விட்டது. பெண்ணின் அப்பா வேண்டாம் என்றாராம். பெண்தான், "திருட்டுத்தனம் பண்ணி உடனே மாட்டிக்கிற ஆளுப்பா. ஆயுசுக்கும் பயமில்லாம இருக்கலாம்" என்று என்னையே கட்டிக்கொண்டாள்.

இன்றைக்கும் லீவுக்குக் கொடைக்கானலா ஊட்டியா என்று நான் கேட்டால் போதும். மகள், மருமகன், பேரன் பேத்தி எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொல்வாள்:

"ரெண்டு பொட்டலத்தையும் பிரிச்சுக் காட்டுங்க. அப்படியே அந்தக் கோட்டுப் பையையும்."