மடத்தில் குடித்த உப்புத் தேத்தண்ணி

பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைக்கு ஒரு பயமும் தேவையில்லை. பலகாரத்தைத் தின்றுவிட்டு முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டால் போதும். பெண்ணின் தாய் அவனைப் பார்க்க வந்தால்தான் சீவன் போகும். தொண்ணூறுகளில் சுவிஸில், ஓர்லிகோனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த எனக்கு அப்படித்தான் போனது.

ஓல்டனில் இருந்த வனஜாவை எனக்குப் பேசியிருந்தார்கள். படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் சாமியாராகப் போவது என்றே முடிவெடுத்திருந்தேன். அவளுடைய தாயோ, வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான், எங்காவது கூட்டிக்கொண்டு போகட்டும், ஒரு நாள் முழுக்க ஆளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். (ஆளையோ மாட்டையோ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.)

எங்கள் சமையல்காரர் டென்சின் லாசாவில் பிறந்த திபெத்தியர். அந்த ஊரில் லீவு நாளென்றால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு காலையில் ஒரு மடம், பின்னேரம் ஓர் ஏரி என்று போவார்களாம். அகதியாக வந்த பிறகும் ஆள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. மலைக்காட்டுக்குள் தங்கள் ஆட்களின் மடம் ஒன்று இருக்கிறது, கிட்டவே பெஃபிக்கோன் ஏரி, தன் காரிலேயே போகலாம் என்றார். கோயிலுக்குக் கோயில், குளத்துக்குக் குளம். நானும் பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டினேன்.

மடத்தில் காவியும் மொட்டைத் தலையும் கண்டதும் வனஜாவின் தாய் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“பன்சலையோ தம்பி, சிங்கள ஆக்களின்ரை புத்த கோயிலோ?”

“இல்லையம்மா, இவையும் எங்களை மாதிரி ஊரை விட்டு ஓடி வந்த சனம்” என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றினார்.

உள்ளே எங்களை இருத்திவிட்டு டென்சின் யாரோடோ கதைக்கப் போய்விட்டார். வயதான துறவி ஒருவர் சுடுதண்ணிப் போத்தலிலிருந்து எங்கள் கிண்ணங்களில் ஊற்றினார். பால்தேத்தண்ணி என்று நினைத்து வாயில் வைத்தேன். உப்பு! மேலே உருகிய வெண்ணெய் வேறு. தாயும் மகளும் ஒரு மிடறு குடித்துவிட்டு நைசாகக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். நான் அப்படிச் செய்யலாமோ? வைத்ததை மிச்சம் விடுகிறவன் மரியாதை தெரியாதவன் என்று சொல்லி வளர்த்த பிள்ளை நான். மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் குடித்தேன்.

துறவி சிரித்த முகத்தோடு மறுபடி நிரப்பினார். குடித்தேன். நிரப்பினார். போதும் என்று பந்தியில் மறிப்பதுபோல் கிண்ணத்தைக் கையால் மூடினேன். பாவம், பொடியனுக்குக் குளிருகிறது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கம்பளியைக் கொண்டுவந்து போர்த்திவிட்டு, கையை விலக்கி இன்னும் ஊற்றினார். வனஜாவின் தாய் கண் வெட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றால் தலைக்கனம் பிடித்தவன் என்று நினைப்பாரே என்ற பயத்தில் அதையும் குடித்தேன்.

ஏரியில் மிதிபடகு எடுத்தோம். முன்னால் நானும் வனஜாவும், பின்னால் தாய். நடு ஏரியில் என் வயிறு கடமுடா என்றது. நான் கரையைப் பார்த்துப் பேய் பிடித்தவன்போல் மிதித்தேன்.

“உங்களுக்கு என்ன செய்யுது?” என்றாள் வனஜா. அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“ஒண்டுமில்லை” என்றேன். நெற்றியால் வேர்வை ஓடியது. தாய் பின்னாலிருந்து முருகனைக் கூப்பிடத் தொடங்கினார்.

படகு நாணல் புதருக்குள் ஏறியது. நான் முழங்கால் சேற்றில் குதித்து ஓடி, ஒரு தாராவின் முன்னால் மடத்துத் தேத்தண்ணி முழுவதையும் கக்கினேன். தொலைநோக்கியோடு நின்ற சுவிஸ்காரர் ஒருவர், இது பறவைகளுக்கான பாதுகாப்பு இடம், மனிதர் வரக்கூடாது என்று டொச்சு மொழியில் பிடித்து ஏசினார். நான் சேறும் கையுமாக மன்னிப்புக் கேட்டேன். கல்யாணம் அந்தத் தண்ணியோடு போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வந்தது.

திரும்பும்போது டென்சின் விழுந்து விழுந்து சிரித்தார். வெறுங்கிண்ணத்தைக் கண்டால் நிரப்புவதுதான் தங்கள் மரியாதையாம். போதுமென்றால் நிறைந்தபடியே விட வேண்டுமாம். (இதை மடத்து வாசலில் சொன்னால் வாய் நொந்துவிடுமோ?) பின்சீட்டில் தாயும் மகளும் ஓல்டன் வரை கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தார்கள்.

அதன்பிறகு தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய்க் காதில் வைத்தேன். கடைசியில் அந்த அம்மாவே அழைப்பெடுத்தார்.

“தம்பி, நீர் போதும் எண்டு சொல்லத் தெரியாத ஆள். என்ரை பிள்ளை என்ன சொன்னாலும் மாட்டன் எண்டு சொல்லமாட்டீர். நாள் பாப்பம்.”

அன்றிலிருந்து அவர் எனக்கு மாமி. அவர் கணித்தது ஒரு சொல்கூடப் பொய்க்கவில்லை என்பதற்கு நான் வாழும் சாட்சி. மாப்பிள்ளை தேடுகிறவர்களுக்கெல்லாம் மாமி சொல்வது ஒன்றுதான்: “சாதகம் கிடக்கட்டும், முதல்லை தேத்தண்ணியைக் குடுத்துப் பாருங்கோ.”

போன மாதம் என் மகள் தான் விரும்புகிற பொடியனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். ஷாஃப்ஹவுசனில் பிறந்தவன், நல்ல வேலை, வடிவான பிள்ளை. மாமி தேத்தண்ணி கொடுத்தார். பாதி குடித்துவிட்டு, “எனக்குப் போதும் அம்மம்மா” என்று பணிவாகக் கிண்ணத்தை வைத்தான்.

மாமி குசினிக்குள் வந்து வனஜாவின் காதில் சொன்னார்: “நல்ல பொடியன்தான். ஆனா பிள்ளையை ஒருக்கா யோசிக்கச் சொல்லு.”