கடல் தாண்டக் கூடாத கணவன்

சுபாஷ் அன்று காலை ஒரு முடிவெடுத்தான். தலையே போனாலும் விமானத்தில் ஏறுவதில்லை.

முடிவை உரக்கச் சொல்லவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டான். மனைவி வீட்டில் இருக்கும்போது பெரிய முடிவுகளை அப்படித்தான் எடுக்க வேண்டும்.

அவனைக் கோழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கள்ளக்குறிச்சியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். யார் கிணற்றில் மோட்டார் மூழ்கினாலும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்குவான். உள்ளே பாம்பு இருக்கிறதா என்றுகூடக் கேட்கமாட்டான். கல்வராயன் மலையில் ஒரு மோட்டார் நின்றுபோனால், வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி பைக்கில் ஏறிப் போவான். பள்ளமோ மேடோ, பூமியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அவனுக்குப் போதும். விமானத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கண்டுதான் அவனுக்குப் பயம்.

இந்தப் பயம் உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

கல்யாணமாகி இரண்டு வருஷம். "தேனிலவுக்கு மலேசியா! ஆசியா டூர்!" என்று புது மாப்பிள்ளை மிடுக்கில், பெண் வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் வாயை விட்டவன் அவனேதான். முதல் தடவை வயலில் கரும்பு வெட்டு என்று காரணம் காட்டினான். இரண்டாவது தடவை, நல்லவேளையாக, ரிஷிவந்தியத்தில் ஒரு பெரியப்பா இறந்துபோனார். நல்லவேளை என்று நினைத்ததற்காகப் பதினாறாம் நாள் சாப்பாட்டில் இலையைப் பார்த்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டான். மூன்றாவது தடவை மழை. ஊரில் பாதி மோட்டார் எரிந்து அவன் கடை வாசலில் வந்து படுத்துக்கொண்டது. இப்படித் தள்ளித் தள்ளிக் கடைசியில் மனைவி அபிநயாவுக்கு ஐந்தாம் மாதம். இனி மலேசியா பேச்சே எழாது என்று நிம்மதியாக இருந்தான்.

அபிநயா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அவள் ஊசி குத்தினால் குழந்தைகள்கூட அழுவதில்லை. குத்தியதே தெரியாது. வெளியே வந்து கையில் பஞ்சைப் பார்த்த பிறகுதான் ரத்தம் எடுத்தாயிற்று என்று புரியும்.

அந்த அபிநயாதான் முந்தின நாள் சாயங்காலம், வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, டாக்டரம்மாவ கேட்டுட்டேன். எனக்கு ஒரு கொறையும் இல்லியாம். இப்ப தாராளமா ப்ளேன்ல போவலாமாம். சர்ட்டிபிகேட்டும் குடுத்துட்டாங்க."

"எதுக்கு?"

"இன்னா எதுக்கு? மலேசியாவுக்கு. திருச்சியிலேர்ந்து டிக்கெட் போட்டாச்சு. இன்னும் மூணு வாரம்."

சுபாஷுக்கு வெங்காயம் உரிக்காமலே கண் கலங்கியது.

"ஏன் அபி, இன்னாத்துக்கு அவ்ளோ தூரம்? கடல்தான பாக்கணும்? தோ கடலூர் கீது. காலையில பஸ் ஏறுனா மத்தியானம் காலை நனைச்சிட்டு வந்துடலாம்."

"ஆசியா டூர் கூட்டிக்கினு போறேன்னு எங்க சித்திகிட்ட சொன்னது யாரு?"

"நாம இருக்கறதே ஆசியாதாம்மா! கல்வராயன் மலை எங்க கீது? ஆசியாவுலதான கீது? ஒரு எட்டு வெள்ளிமலை போயி வந்தா ஆசியா டூர் முடிஞ்சிது."

அபிநயா சிரிக்கவில்லை. கத்தியை வைத்துவிட்டு வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னும் நாலு மாசம்தாங்க நாம ரெண்டு பேரு. அப்புறம் மூணு பேரு ஆயிடுவோம். மூணு பேரா எத்தினி வாட்டி வேணா போவலாம். ரெண்டு பேரா இனிமே எப்பங்க போவறது?"

சுபாஷ் வெங்காயத் தோலை அள்ளிக்கொண்டு வெளியே போனான். அந்தக் கேள்வியிலிருந்து தப்பத்தான் காலையில் குளியலறை முடிவு.

பக்கத்து உரக்கடை வீரமுத்துவுக்கு நான்கு பிள்ளைகள். ஆகவே கர்ப்பம் சம்பந்தமான எல்லாச் சட்டங்களும் அவனுக்கு அத்துப்படி. சுபாஷ் பயத்தை மறைத்து, வேலை ஜாஸ்தி என்று மட்டும் சொல்லி யோசனை கேட்டான்.

"இதுக்குப் போயா மூஞ்ச தொங்கப்போட்டுக்கினு கீற?" என்றான் வீரமுத்து. "பொண்டாட்டி மாசமா இருக்க சொல்ல புருஷன் கடல் தாண்டக் கூடாதுடா மாப்ள. வழிவழியா வர சாங்கியம். ஒங்க அம்மா வாயால சொல்ல வையி. மாமியா சொன்னா மருமவ மறுபேச்சு பேச முடியுமா?"

சுபாஷ் அவனுக்கு அங்கேயே டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தான்.

வடக்கனந்தலில் அவர்கள் வீடு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன், அம்மா ராஜாம்பாள் ரசம் ஊற்றும் நேரம் பார்த்து, ஒன்றும் தெரியாதவன் போல ஆரம்பித்தான்.

"ஏம்மா, வூட்ல மாசமா இருந்தா ஆம்பள எதுனா சாங்கியம் பாக்கணுமா?"

ராஜாம்பாளுக்குக் கரண்டி கையிலேயே நின்றது. பிள்ளை சாங்கியம் பற்றிக் கேட்பது இதுதான் முதல் தடவை. முகம் மலர்ந்துவிட்டது.

"பாக்கணும்டா சுபாசு! மொதல்ல, கடல் தாண்டக் கூடாது."

"கேட்டியா அபி?" என்றான் சுபாஷ், உலகமே இடிந்துவிட்ட குரலில்.

"கேட்டேங்க. இன்னும் இன்னா அத்தே?" என்றாள் அபிநயா.

"மலை ஏறக் கூடாது. முடி வெட்டக் கூடாது, சவரம் பண்ணக் கூடாது. பொணம் தூக்கக் கூடாது. ஒரு உசுரையும் கொல்லக் கூடாது."

சுபாஷ் கடல் ஒன்றைத்தான் கேட்டான். கூடவே மற்றதெல்லாம் வந்து சேரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"சரிங்கத்தே, புள்ள நல்லாருந்தா போதும். அவரு எல்லாத்தையும் சரியா கடைப்பிடிக்க நான் பாத்துக்கறேன்" என்றாள் அபிநயா. அவ்வளவு சாந்தமாகச் சொன்னாள். கையில் பஞ்சு இருக்கிறதா என்று சுபாஷ் அப்போதே பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை அவன் சவரக் கத்தி காணாமல் போயிருந்தது. "பத்திரமா எடுத்து வச்சிட்டேங்க" என்றாள்.

சாயங்காலம் காதருகே ஒரு கொசு. அடிக்கக் கையை ஓங்கினான். "ஏங்க! உசுரு!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. ஓங்கிய கையை இறக்கி, கொசுவை ஊதி அனுப்பினான். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உறவினர்களோடு திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் பெரியார் அருவிக்குக் குளிக்கக் கிளம்பினார்கள். சுபாஷ் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். அபிநயா துண்டை எடுத்து மடித்து வைத்தாள். "மலைங்க" என்றாள். ஒரே வார்த்தை.

தொழிலும் படுத்தது. வெள்ளிமலையிலிருந்து கண்ணுசாமி என்ற பழைய வாடிக்கைக்காரர் போன் செய்தார். சுபாஷ் மலைக்கு வர முடியாது என்றதும், மோட்டாரைக் கழற்றிப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு தாமே இறங்கி வந்தார். கடையில் உட்கார்ந்திருந்த தாடிக்காரனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்பா, மலையில இருக்கறது நானா, நீயா?" என்றார்.

எல்லாவற்றையும் சுபாஷ் பொறுத்துக்கொண்டான். தாடி அரித்தால் சொறிந்துகொள்ளலாம். வானத்தில் நடுவழியில் இறங்கிக்கொள்ள முடியுமா?

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் வீட்டுக்கு வந்தவன் கூடத்தில் நின்றுவிட்டான். நடுவில் ஒரு பெரிய பெட்டி திறந்து கிடந்தது. அம்மா தன் பட்டுப்புடவைகளை அதில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய்.

"எங்கம்மா கெளம்பற?"

"மலேசியாவுக்குடா" என்றாள் ராஜாம்பாள், தியாகதுருகம் சந்தைக்குப் போகிறவள் போல.

சுபாஷ் மனைவியைப் பார்த்தான். "டிக்கெட்ட கேன்சல் பண்ணலியா?"

"பண்றேன்னு நான் எப்பங்க சொன்னேன்? புருஷன்தான் கடல் தாண்டக் கூடாது. பொண்டாட்டி தாண்டக் கூடாதுன்னு இல்லியே. இல்லத்தே?"

"அதெல்லாம் இல்லம்மா" என்றாள் ராஜாம்பாள். "ஏம்மா, அங்க குளுருமா? கம்பளி வேணுமா?"

"வேணாந்தே. ஒரு தொப்பி மட்டும் எடுத்துக்கங்க. கடலோரத்துல வெயிலு ஜாஸ்தியாம்."

இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். படகில் எங்கே போவது, எந்தக் கோயிலுக்கு எந்தப் புடவை கட்டுவது, யார் யாரைப் போட்டோ எடுப்பது. மூன்று நாள் இதே பேச்சு. சுபாஷ் தாடியோடு ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய தேனிலவில் அவனுக்கு மட்டும் இடமில்லை.

அவனுக்கு உறைத்தது வேறொன்று. நாலு மாசம்தான் ரெண்டு பேர் என்று சொன்னாளே, அதில் அவள் திரும்பி வருவதற்குள் ஒரு வாரம் போயிருக்கும். கடலோரத்தில் அவள் மாமியாரோடு நடந்துகொண்டிருப்பாள். அவன் வடக்கனந்தலில் கொசு ஊதிக்கொண்டிருப்பான்.

மூன்றாம் நாள் மாடியில் அபிநயா துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சுபாஷ் போய்க் கொடிக்கயிற்றின் அந்தப் பக்கம் நின்றான். நடுவில் ஒரு போர்வை தொங்கியது. முகம் தெரியாதது வசதியாக இருந்தது.

"அபி."

"சொல்லுங்க."

"சாங்கியமெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு ப்ளேன்னா பயம்."

போர்வைக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு கிளிப்பைக் கழற்றிக் கூடையில் போட்டாள். பிறகு, "தெரியுங்க" என்றாள்.

"தெரியுமா? எப்ப?"

"கல்யாணமான புதுசுல, தேர்த்திருவிழாவுல ராட்டினம் ஏறனோமே. மேல போனதும் கண்ண இறுக்கி மூடிக்கினீங்க. நான் பயப்படக் கூடாதுன்னு எனக்கு தைரியம் வேற சொன்னீங்க. கண்ண தொறக்காமலே."

சுபாஷுக்குத் தாடிக்குள்ளே முகம் சிவந்தது.

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். கரும்பு சொன்னீங்க, மழை சொன்னீங்க. இத மட்டும் சொல்லல." போர்வையை உருவி எடுத்தாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது. "நான் என்ன சிரிக்கவாங்க போறேன்? மொத மொத மலைக்குக் கூட்டிக்கினு போனீங்களே, வளைவு வளைவா வாந்தி எடுத்தேன். நீங்க சிரிச்சீங்களா? வண்டிய ஓரங்கட்டி கையப் புடிச்சிக்கினீங்க. அப்புறம் மெதுவா ஓட்டிக்கினே, மோட்டாருக்கு எப்பிடி காயில் சுத்தறதுன்னு மேல போயி சேர்ற வரைக்கும் சொல்லிக்கினே வந்தீங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா வாந்தி நின்னுபோச்சு."

சுபாஷ் போர்வையின் ஒரு முனையைப் பிடித்தான். இருவரும் மடித்தார்கள். மடிக்க மடிக்க இடைவெளி குறைந்து, கடைசியில் எதிரெதிரே நின்றார்கள்.

"நானே வரேன் அபி. அம்மா வேணாம். நான் ஏறறேன்."

"நெஜமாவா?"

"நம்ம புள்ள மேல சத்தியமா."

அந்த நேரம் பார்த்து ராஜாம்பாள் மாடிக்கு வந்தாள். அம்மா எவ்வளவு ஆசையாகப் புடவை அடுக்கினாள் என்று நினைத்துச் சுபாஷுக்குக் குற்ற உணர்ச்சி பொங்கியது. தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். பெரிய பெருமூச்சு.

"போடா, நல்லபடியா போயிட்டு வாங்க. நான் கெடக்கறேன்."

"சாங்கியம்மா? நான் கடல் தாண்டலாமா?"

"அட, நீ கேட்ட, நான் சொன்னேன். நீ வயித்துல இருக்க சொல்ல ஒங்கப்பா அந்தமானுக்கு வேலைக்குப் போயி ஆறு மாசம் கழிச்சி வந்தாரு. ஒனக்கு இன்னா கொறைச்சலு? மொதல்ல போயி அந்தத் தாடிய எடு. பாக்க சகிக்கல."

திருச்சியில் விமானத்தில் ஏறியபோது சுபாஷின் முகம் மழமழவென்று இருந்தது.  இருக்கைப் பட்டையை இழுத்து இழுத்துக் கட்டினான். பணிப்பெண் கதவைச் சாத்தினாள். அந்தச் சத்தத்தில் அவன் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன. அபிநயா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்தில் எத்தனை வகை, எதை எதோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் விமானம் நகர்ந்து, ஓடி, காலுக்கடியில் ஒன்றுமில்லாமல் ஆனபோதும் அவன் உயிரோடுதான் இருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்தான். ஜன்னலுக்கு வெளியே மேகம். அபிநயா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மனம் இளகி, வீட்டில் தனியாக விட்டு வந்த அம்மா ஞாபகம் வந்தது.

"அம்மா பாவம், அபி. எனக்காக தன் டிக்கெட்டயே விட்டுக்குடுத்துட்டாங்க. அடுத்த வருஷம் கண்டிப்பா அவங்கள கூட்டிக்கினு வரணும்."

"கண்டிப்பாங்க" என்றாள் அபிநயா, அவன் கையைத் தட்டிக்கொடுத்தபடி. "ஊருக்குப் போனதும் மொத வேலையா அத்தைக்கு ஒரு பாஸ்போர்ட் எடுத்துடுவோம்."