சாக்கில் வெந்த சோறு

பரிசு என்றால் யாருக்கும் ஆசை வரும். எனக்கு வந்தது ஆசை இல்லை, பேய். (ரைஸ் குக்கர் பேய்.)

லுணுகலை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் புதுசாக ஒரு சின்ன துரை, அதாவது உதவி மேனேஜர், வந்தார். வேலை பிரிக்கிற காலைப் பெரட்டில் ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"இந்த மாசம் யாரு அதிகமாக் கொழுந்து எடுக்கிறாங்களோ, அவங்களுக்கு இந்த ரைஸ் குக்கர். ஒருத்தர் கொழுந்த இன்னொருத்தர் சாக்குல போடக் கூடாது. போட்டா, போட்டவங்களும் போட்டியில இல்ல, வாங்குனவங்களும் இல்ல."

அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. குறித்த எடை வந்தால்தான் எங்களுக்கு முழுப்பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். யாருக்காவது முடியாமல் போனால், நிறுக்கும் முன் ஆளுக்கு ஒரு அள்ளு அவள் சாக்கில் போடுவோம். அவள் கேட்பதும் இல்லை, நாங்கள் சொல்லிக் காட்டுவதும் இல்லை.

அந்த மாதம் அது நின்றது. பேச்சும் பாட்டும் நின்றன. கொழுந்து மட்டும் கூடியது. துரைக்கு நல்ல சிரிப்பு.

அடுத்த வீட்டு ஸ்டெல்லாக்காவுக்கு ஒரு நாள் காய்ச்சல். நடுங்கிக்கொண்டே பறித்தார். என் சாக்கைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். (வானத்தில் ஒன்றும் இல்லை.) அவருக்கு அன்று அரைப்பேர்.

வீட்டில் குக்கருக்கு இடம் ஒதுக்கினேன். என் வீட்டுக்காரர் கேட்டார்:

"ஏன், சட்டியில வெந்த சோறு இத்தன நாளா தொண்டையில எறங்கலியா?"

கடைசி நாள் வந்தது. நான்தான் முன்னால். பகல் நிறுவைக்கு இறங்கினால் நேரம் போகும் என்று மலையிலேயே நின்றேன். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் திணித்தேன். இடம் போதவில்லை, மிதித்தேன். தேத்தண்ணி குடிக்கும்போது அதன் மேலேயே உட்கார்ந்தேன். கொழுந்தை அமுக்கினால் சூடேறி அவிந்துபோகும். லயத்து வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். பேய்க்குத் தெரியவில்லை.

சாயங்காலம் நிறுக்கிற மடுவக் கொட்டகையில் துரை பெட்டியோடு நின்றார். கங்காணி என் சாக்கை அவிழ்த்தார். ஆவி வந்தது. உள்ளே கை விட்டவர் உதறிக்கொண்டு எடுத்தார். கொழுந்து சிவந்து கிடந்தது.

"தொரை, இந்தப் பொம்பளைக்கு குக்கர் எதுக்குங்க? சாக்குலயே சோறாக்குது!"

மடுவமே சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. கொழுந்தைக் கொட்டச் சொன்னார்கள். குக்கர் போகட்டும், அன்றைக்கு அரைப்பேருக்கும் வழியில்லை.

வெறும் சாக்கோடு நின்றேன். ஸ்டெல்லாக்கா வந்தார்.

"என்னடி மரம் மாதிரி நிக்கிற? சாக்கப் புடி."

தன் கொழுந்தை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். போட்டிக் கணக்கில் எனக்கு அடுத்து நின்றவர் அவர்தான், அந்தக் காய்ச்சல் நாளையும் சேர்த்து.

துரை பதறினார். "போட்டா போட்டியில இல்ல. தெரியுந்தானே?"

"தெரியுங்க தொரை," என்று இன்னொரு அள்ளும் போட்டார்.

பிறகு வரிசையில் நின்ற எல்லோரும் போட்டார்கள். போட்டியில் ஒருவரும் மிச்சமில்லை. துரை பெட்டியோடு ஆபீசுக்குத் திரும்பிப் போனார். அந்தக் குக்கரில் இப்போதும் கிளாக்கர்மாருக்குச் சோறு வேகிறதாம்.

எனக்கு முழுப்பேர் எட்டவில்லை.

"எனக்கும் அன்னிக்கு அரைப்பேரு, ஒனக்கும் இன்னிக்கு அரைப்பேரு. சரியாப் போச்சு. வா," என்றார் ஸ்டெல்லாக்கா.

அடுத்த மாதம் போட்டி இல்லை. அள்ளிப் போடுவது இருந்தது. யார் எவ்வளவு பறித்தோம் என்று எனக்கு நினைவில்லை. பாட்டு இருந்தது.

வீட்டில் இன்றைக்கும் சோறு தாமதமானால், "சாக்குல வச்சிருந்தா இந்நேரம் வெந்திருக்கும்" என்பார் வீட்டுக்காரர். போன மாதம், பதுளையில் கடை வேலைக்குப் போகும் மகள் ஒரு ரைஸ் குக்கர் வாங்கி வந்தாள். முதல் சோற்றை ஸ்டெல்லாக்காவுக்குக் கொண்டு போனேன்.

தட்டை வாங்கியவர் அடியில் கை வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் சுடுது. எவ்வளவு நேரம்டி மேல உக்காந்திருந்த?"