இன்னும் ஒரு மூடி

மனிதர்களில் 'இன்னும் ஒரு மூடி' என்று ஒரு ரகம் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கும். இந்த ரகத்துக்காரர், வைத்தியர் அரை மாத்திரை என்றால், அரைக்கே குணமாகுமானால் முழுசுக்கு எவ்வளவு குணமாகும் என்று யோசிப்பார். மருந்துச் சீசாவில் ஒட்டிய அளவுச் சீட்டை அவர் படிப்பதே, அதற்குமேல் எவ்வளவு ஊற்றலாம் என்று பார்க்கத்தான். கையகலத் தரையிலும் உருளைக்கிழங்கு போடுகிற எங்கள் டியெங் மலையில் இந்த ரகத்துக்குத் தலைவர், பக்கத்து வயல் பாக் கஸ்மூரி; 'பாக்' என்றால் எங்கள் பேச்சில் 'ஐயா'.

போன பருவத்தில் கிழங்கு பெருக்கும் வளர்ச்சி ஊக்கி என்று ஒரு மருந்து வந்தது. தெளிப்பான் ஒன்றுக்கு ஒரு மூடி, ஒரே தரம் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். கஸ்மூரி பணிவாகத் தலையாட்டினார். வயலுக்கு வந்ததும் செடிக்கு ஒரு மூடி, மண்ணுக்கு ஒரு மூடி, காற்று கொண்டுபோவதற்கு ஒரு மூடி, கடைக்காரன் எப்போதும் குறைத்துத்தான் சொல்லுவான் என்பதற்கு ஒரு மூடி. விற்கிறவன் எங்கேயாவது குறைத்துச் சொல்வானா? நானும் கேட்டேன். பதிலுக்கு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அறுவடைக்கு மறுவாரம் அவர் மகள் வுர்யானிக்குக் கல்யாணம். காரமாக வறுத்த உருளைக்கிழங்கு இல்லாத விருந்தை எங்கள் பக்கத்தில் யாரும் விருந்தென்று ஒப்புக்கொள்வதில்லை. மாப்பிள்ளையின் அப்பா பாக் தர்யோனோவும் அடுத்த ஊரில் கிழங்குக்காரர். அவர் முன்னாலேயே கஸ்மூரி, "என் மக கல்யாணத்துல வெளிக்கிழங்கு ஒண்ணுகூடச் சட்டியேறாது" என்று சபதம் போட்டிருந்தார்.

மனைவி ருமினி மட்டும் ஓரமாக நாலு வரிசையைக் கேட்டு வாங்கி, சீட்டில் உள்ளபடி ஒரே மூடி அளந்து தெளித்தார். கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து விடுகிறாள் என்று கஸ்மூரி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

கஸ்மூரியின் செடி வளர்ந்ததே, அடேயப்பா! முழங்காலோடு நிற்க வேண்டியது இடுப்பைத் தாண்டியது. போகிற வருகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் படமெடுத்தார்கள். சம்பந்தி வந்து பார்த்துவிட்டு, "இது கிழங்கா, கரும்பா?" என்றார். அதையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மறுநாளே இன்னும் ஒரு தரம் தெளித்தார் மனிதர்.

அறுவடை நாளும் வந்தது. முதல் செடியைப் பிடுங்கினால் கோலிக்குண்டு அளவில் நாலு. அடுத்ததில் மூன்று. கீழே இறங்கியிருக்கும் என்று முழங்கை ஆழம் தோண்டினார். மண்தான் இருந்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நான், அவர் சேற்றில் காலை நீட்டி உட்கார்ந்ததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினேன். ருமினியின் வரிசைகளில் ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு கிழங்கு.

"இந்த நாலு வரிசை நானூறு பேருக்குக் காணாது," என்றார் ருமினி. "சம்பந்திகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சம்பந்தி வீட்டிலிருந்து லாரியில் கிழங்கு வந்தது. அந்த மனிதர் மூட்டைகளைத் தானே இறக்கி அடுக்கினார். அதுதான் கஸ்மூரிக்குத் தாங்கவில்லை. விருந்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டார். மிளகாய் அதிகமாம்.

சரி, இனிமேல் திருந்திவிடுவார் என்று நினைத்தேன். கை கழுவும் இடத்தில் என்னைத் தனியே இழுத்தார்.

"தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டேன். அவ ஒரு மூடி ஊத்தினதுக்கே அவ்வளவு கிழங்குன்னா மருந்து நல்ல மருந்து. நாமதான் ஒரு மூடி குறைச்சுட்டோம்."

'நாம' என்றாரே, அதுதான் என்னைச் சுட்டது. ஏனென்றால் என் வயலிலும் செடி இடுப்பளவு நின்றது. அவருக்குத் தெரியாமல் ஒரே ஒரு மூடிதான் கூட ஊற்றியிருந்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படிக்கும்போது, நாலு மூடி அதிகம்தான், ரெண்டோடு நிறுத்தியிருக்கலாம் என்று உங்கள் மனதில் ஓடியிருந்தால், கடைக்காரரிடம் உங்களுக்கும் ஒரு தெளிப்பான் எடுத்து வைக்கச் சொல்கிறேன்.